பம்பு ஓடுது... தண்ணி போகுதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், என்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். படகின் அடியில், எண்ணெயும் உப்புத்தண்ணீரும் கலந்த இருட்டுக்குள் கிடந்து, உள்ளே சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற பம்பு மட்டும் கடைசி நாள் வரை யார் கண்ணிலும் படாது. அதனால் இந்தத் தடவை கேள்விகள் எல்லாமே அந்தப் பம்பைப் பற்றி. வாருங்கள்.

ஜெகதாப்பட்டினம், விசைப்படகு உரிமையாளர்: பம்பு போன வருஷத்திலிருந்தே சரியா இழுக்க மாட்டேங்குது. மெக்கானிக், "பம்பை மட்டும் மாத்துவோம், வயர் நல்லாத்தான் இருக்கு"ங்கிறார். நம்பலாமா?

வயரை நறுக்கிப் பார்த்துவிட்டு நம்பலாம். பம்புக்குப் போகும் வயரில், ஜாயின்டிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு வெட்டு வெட்டி உறையை உரியுங்கள். உள்ளே செம்பு பளிச்சென்று இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் ஒரு முழம் தள்ளி வெட்டுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் பேட்டரி வரைக்கும் புது வயர்தான்.

வெளியே உறை புதுசு மாதிரியே இருக்கும். கெடுதி உள்ளே நடக்கும். ஜாயின்டில் சிறு இடைவெளி கிடைத்தால் போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மெல்லிய செம்பு இழைகள் உப்புத்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் படகுக்கு ஈயம் பூசிய செம்பு இழை வயர் வாங்கச் சொல்கிறோம். ஒவ்வொரு இழையும் வெள்ளி நிறத்தில் இருக்கும். விலை கூடுதல்தான். ஆனால் பழைய வயரின் முனையில் புதுப் பம்பு மாட்டினால், புதுப் பம்பும் பழைய பம்பு மாதிரியேதான் இழுக்கும்.

ஜாயின்டை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது கடலில் செல்லாது. உப்புக் காற்றில் டேப்பின் பசை சில மாதங்களில் விட்டுவிடும். சரியான கிரிம்பிங் பிளையரால் நசுக்கிய இணைப்பு, அதன்மேல் உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். சூடு காட்டினால் இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வரவேண்டும். வந்தால்தான் அடைத்திருக்கிறது என்று பொருள். அந்த ஜாயின்டையும் பம்புக்குப் பக்கத்தில் கீழே விடாமல், தண்ணீர் எட்டாத உயரத்தில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். பம்போடு வரும் வயர் நீளமாக இருப்பதே அதற்குத்தான். "இவ்வளவு நீளம் எதுக்கு?" என்று நறுக்கிவிடுகிறவர்களிடம் பிளையரைக் கொடுக்காதீர்கள்.

கோட்டைப்பட்டினம், எலக்ட்ரீஷியன்: வீட்டுக்குப் போடுற 1.5 வயரே 15 ஆம்பியர் தாங்குதே. 5 ஆம்பியர் பம்புக்கு அது போதாதா?

சுடாமல் இருக்கப் போதும், பம்பு முழுப் பலத்தோடு இறைக்கப் போதாது. வீட்டில் இருப்பது 230 வோல்ட். அதில் ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. படகில் இருப்பதே 12.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பம்புக்கு 6 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்பவேண்டும், ஆக 12 மீட்டர். 5 ஆம்பியருக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் சுமார் 0.7 வோல்ட் தொலைகிறது. கிட்டத்தட்ட 6 சதவீதம். 2.5 வயரில் 0.4 வோல்ட். 4 சதுர மி.மீ. போட்டால் கால் வோல்ட், அதாவது 2 சதவீதம்தான். இந்த மாதிரி உயிர் காக்கும் கருவிக்கு 3 சதவீதத்துக்கு மேல் தொலையக்கூடாது என்பது படகு வயரிங்கில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. எனவே 4 போடுங்கள். இது புது வயர், சுத்தமான ஜாயின்ட் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஒரு பச்சை பூத்த ஜாயின்ட் தனியாகவே ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும்.

படகில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓட்டுகிறீர்கள் என்றால், வாங்கும் பம்பும் 24 வோல்ட் பம்பாக இருக்கவேண்டும். இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துப் பம்பை ஓட்டும் பழக்கம் வேண்டாம். ஒரு பேட்டரி காய்ந்து, மற்றது கொதித்து, இரண்டும் சீக்கிரம் சாகும்.

ஆர்.புதுப்பட்டினம்: பம்பு நல்லா சத்தம் போடுது, ஒரு சொட்டுத் தண்ணி வெளியே வரலை. என்னவா இருக்கும்?

புதிதாக மாட்டிய பம்பு என்றால் முதலில் வயரை மாற்றி மாட்டிப் பாருங்கள். இந்த வகைப் பம்புகளில் பெரும்பாலானவை பிளஸ்-மைனஸ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் அதேதான் வரும், தண்ணீர்தான் வராது.

பழைய பம்பு என்றால் சல்லடையைக் கழற்றுங்கள். வலையிலிருந்து உதிர்ந்த நைலான் நூல் சுழலியில் சுற்றியிருக்கும், அல்லது மீன் செதிலும் இறால் ஓடும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து வாயை மூடியிருக்கும். அதுவும் இல்லையென்றால் ஹோஸைப் பாருங்கள். பம்பிலிருந்து வெளிவாய் வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போகவேண்டும். நடுவில் தொங்கி, பள்ளம் விழுந்து, மறுபடி ஏறினால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் காற்றை அடைத்துவிடும். மையவிலக்குப் பம்பால் காற்றைத் தள்ள முடியாது. அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மணமேல்குடி: திரும்பத் திரும்ப ஃப்யூஸ் போச்சு. செம்புக் கம்பியைச் சுத்தி விட்டோம். இப்போ பிரச்சினையே இல்லை.

பிரச்சினை தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. இன்றைக்கே அந்தக் கம்பியை எடுங்கள்.

ஃப்யூஸ் ஏன் போனது? நூல் சுற்றிப் பம்பு இறுகியிருக்கும். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார், சாதாரணமாக இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஃப்யூஸ் தன்னைக் கொடுத்துப் பம்பைக் காப்பாற்றியது. இனி அடுத்த தடவை இறுகும்போது போவதற்கு ஃப்யூஸ் இல்லை. மோட்டாரின் சுருள் எரியும், பிறகு உறை உருகும், பிறகு வயர். டீசல் ஆவியும் எண்ணெய் பிசுக்கும் உள்ள என்ஜின் அறையில் அது நடக்கவேண்டுமா?

எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் என்று பம்பின் லேபிளிலேயே எழுதியிருக்கும். அந்த அளவுதான். கூட்டினால் ஆபத்து, குறைத்தால் தொல்லை. ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடம் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். நிறைய படகுகளில் அது டிரைவர் கேபினில், சுவிட்சுக்குப் பக்கத்தில் அழகாக இருக்கிறது. பேட்டரிக்கும் கேபினுக்கும் நடுவே வயர் உரசி அறுந்தால் அதைக் காக்க அங்கே எதுவும் இல்லை.

கோட்டைப்பட்டினம், படகு டிரைவர்: கரைக்கு வந்ததும் பேட்டரி மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ஒரு நாள் காலைல வந்து பார்த்தா முழங்கால் தண்ணி. ஆட்டோமேட்டிக் பம்புன்னு சொன்னாங்களே?

ஆட்டோமேட்டிக்தான். ஆனால் நீங்கள் மெயினை அணைத்தபோது அதையும் சேர்த்து அணைத்துவிட்டீர்கள். நம் கடலில் விசைப்படகு தொழிலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாளெல்லாம் ஆளில்லாமல் நிற்கிறது. பம்பு அதிகம் தேவைப்படுவதே அந்த நாட்களில்தான், ஏனென்றால் தண்ணீர் ஏறுவதைப் பார்க்க ஆள் இல்லை.

செய்யவேண்டியது இது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மெயின் சுவிட்சைத் தொடாமல் நேராக ஒரு வயர். ஒரு சாணில் ஃப்யூஸ். அங்கிருந்து, தண்ணீர் ஏறினால் தானாகப் பம்பை ஓட்டும் ஃப்ளோட் சுவிட்ச், அதிலிருந்து பம்பு. மைனஸ் வயரும் தனியாக நேரே பேட்டரி மைனஸுக்கு வரவேண்டும்; பக்கத்தில் கிடைத்த என்ஜின் போல்ட்டில் மாட்டக் கூடாது. இது எப்போதும் உயிரோடு இருக்கும் வழி. கேபினிலிருந்து கையால் போட இன்னொரு சுவிட்ச், அதற்கும் ஃப்யூஸ். மூன்று நிலை உள்ள பேனல் சுவிட்ச் கடைகளில் கிடைக்கிறது: ஆட்டோ, ஆஃப், மேனுவல். அதில் ஆஃப் நிலையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, என்னைக் கேட்டால், ஆட்டோ வழியில் ஆஃப் நிலையே இல்லாமல் விடுவேன். பழுது பார்க்க ஃப்யூஸைப் பிடுங்கினால் போதும்.

ஜெகதாப்பட்டினம், இல்லத்தரசி: ஐப்பசி கார்த்திகை மழையில படகு நாலஞ்சு நாள் நங்கூரத்துல நிக்கும். பேட்டரி தாங்குமான்னு எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அவர் "தாங்கும் தாங்கும்"ங்கிறார்.

அவர் சொல்வது சரியா என்று கணக்கிலேயே பார்த்துவிடலாம், அம்மா.

உங்களுடையது திறந்த வள்ளம், மேல்பரப்பு 10 சதுர மீட்டர் என்று வைப்போம். ஒரே இரவில் 10 செ.மீ. மழை கொட்டினால் உள்ளே சேர்வது 1,000 லிட்டர், அதாவது ஒரு டன். பம்பு நிஜத்தில் மணிக்கு 2,000 லிட்டர் இறைக்கிறது, 3 ஆம்பியர் எடுக்கிறது என்றால், ஒரு டன்னை இறைக்க அரைமணி நேரம். செலவு 1.5 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை எடுக்கலாம் என்றாலும் 50 இருக்கிறது. அத்தனை மழையும் ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே பயப்படவேண்டியது மழைக்கு இல்லை. ஃப்ளோட் சுவிட்ச் குப்பையில் சிக்கி மேலேயே நின்றுவிட்டால் தண்ணீர் தீர்ந்த பிறகும் பம்பு ஓடும். 16 மணி நேரத்தில் அந்த 50-ம் காலி. அடுத்த நாள் மழைக்குப் பேட்டரி இல்லை. அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஃப்ளோட்டைக் கையால் தூக்கி, விட்டு, தானாக நிற்கிறதா என்று பார்த்தாரா? எதுவும் ஓடாமல் சும்மா நிற்கும் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறதா? 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கட்டுமாவடி, நாட்டுப்படகு மீனவர்: எங்க வள்ளத்துல கையால சுத்தி ஸ்டார்ட் பண்ற ஒத்தை சிலிண்டர் என்ஜின். பேட்டரியே கிடையாது. எங்களுக்கெல்லாம் இந்தப் பம்பு எதுக்கு?

ஆள் உள்ளே இருக்கும்போது வாளியே போதும். ஆள் இல்லாதபோதுதான் கேள்வி. ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி, 40 வாட் சோலார் தகடு, நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் இருந்தால் மேலே சொன்ன கணக்கு உங்களுக்கும் பொருந்தும். பேட்டரியைக் கட்டுங்கள், அலையில் புரண்டால் அதுவே ஆபத்து. மின்சாரமே வேண்டாம் என்றால் நெம்புகோல் வைத்த கைப்பம்பு வாங்கிப் பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். உள்ளே ஒரு ரப்பர் தகடுதான் வேலை செய்கிறது, செதில் வந்தாலும் விழுங்கித் துப்பும். பெட்ரோல் என்ஜின் வைத்திருப்பவர்கள் மட்டும், தீப்பொறி வெளியே வராதது என்று எழுதியிருக்கும் பம்பையும் சுவிட்சையும் கேட்டு வாங்குங்கள்.

அம்மாப்பட்டினம்: வீட்டுல சும்மா கிடக்கிற ஒரு எச்.பி. மோட்டாரை இன்வெர்ட்டர் வச்சு படகுல ஓட்டலாமா? நல்லா இழுக்கும்.

வேண்டவே வேண்டாம். 230 வோல்ட், உப்புத்தண்ணீர், ஈரக் கால், இரும்பு. ஆளைக் கொன்றுவிடும்.

மீமிசல்: தண்ணி திரும்ப வராம இருக்க ஹோஸ்ல நான்-ரிட்டர்ன் வால்வு போட்டேன். நல்லதுதானே?

நல்லெண்ணம்தான், ஆனால் எடுத்துவிடுங்கள். வால்வின் நாக்கில் ஒரு செதில் ஒட்டினால் அது மூடாது, அல்லது திறக்காது. மூடியே நின்றால், மேலே தேங்கிய தண்ணீரின் கனத்தையும் கீழே மாட்டிய காற்றையும் சேர்த்துத் தள்ளப் பம்பால் முடியாமல் போகும். அவசரத்தில் அது தெரியவரும்.

நீங்கள் வால்வு போட்ட காரணம் புரிகிறது. பம்பு நின்றதும் ஹோஸில் உள்ள தண்ணீர் திரும்பிக் கீழே விழுந்து, ஃப்ளோட்டைத் தூக்கி, பம்பு மறுபடி ஓடி, மறுபடி நின்று... இப்படியே நடந்திருக்கும். ஃப்ளோட்டைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டுங்கள், ஹோஸின் நீளத்தைக் குறையுங்கள். கடல்தண்ணீரே வெளிவாய் வழியாக உள்ளே வந்திருந்தால் வெளிவாய் தாழ்வாக இருக்கிறது. மீனும் ஐஸும் ஏற்றிப் படகு அமிழ்ந்து, ஒரு பக்கம் சாய்ந்தாலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி அதை மாற்றுங்கள். தாழ்வான வெளிவாய், நின்றுபோன பம்பு இரண்டும் சேர்ந்தால், தண்ணீரை இறைக்க வைத்த குழாயே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

அறந்தாங்கி, கல்லூரி மாணவர்: 2021-ல் நடந்த மோதல்களில் கோட்டைப்பட்டினம் படகுகள் மூழ்கினவே. நல்ல பம்பு இருந்திருந்தால்?

2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு, இலங்கைக் கடற்படைக் கலத்தோடு ஏற்பட்ட மோதலில் மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கோட்டைப்பட்டினம் படகு அதே மாதிரி மூழ்கி ஒருவர் இறந்தார். அந்த ஐந்து வீடுகளை நினைத்துக்கொண்டு பம்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. பம்பு அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

ஏன் என்று மட்டும் சொல்கிறேன், மற்றவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதால். தண்ணீர் மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே, வெறும் 2 அங்குல ஓட்டை. அதன் வழியே நிமிடத்துக்குச் சுமார் 240 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 14,000 லிட்டருக்கு மேல். நம் படகுகளில் உள்ள '1100' என்று எழுதிய பம்பு, மணிக்கு 1,100 அமெரிக்க கேலன், அதாவது 4,160 லிட்டர். அதுவும் ஹோஸ் இல்லாமல், உயரம் இல்லாமல், சார்ஜ் ஏறும் வோல்ட்டில் அளந்தது. ஹோஸும் வளைவும் மூன்றடி ஏற்றமும் சேர்ந்தபின் பாதி கிடைத்தால் பெரிது. பலகை பிளந்தால் வருவது 2 அங்குல ஓட்டையும் அல்ல.

ஆகவே ஓட்டை விழுந்தால் முதல் வேலை ஓட்டையைத் தேடுவது. துணி, தலையணை, மரக்கட்டை, கையில் எது கிடைக்கிறதோ அதைத் திணியுங்கள். முடிந்தால் வெளியிலிருந்து தார்ப்பாயைப் போர்த்துங்கள். தண்ணீரின் அழுத்தமே அதை ஒட்டவைக்கும். வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். அலைபேசி எட்டினால் கடலோரக் காவல்படையின் 1554. லைஃப் ஜாக்கெட் உடம்பில். பம்பின் வேலை இதற்கெல்லாம் கொஞ்சம் நேரம் வாங்கித் தருவது.

இன்னொரு வழியும் உண்டு. கடல்தண்ணீரால் குளிரும் என்ஜின் நிமிடத்துக்கு நிறையத் தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த உறிஞ்சுகுழாயில் ஒரு மூன்று வழி வால்வும் சல்லடையும் வைத்தால், ஆபத்து நேரத்தில் கடலுக்குப் பதில் படகுக்குள் இருந்தே இழுக்கவைக்கலாம். இதைத் தடைக்காலத்தில் மாட்டிப் பழகியிருக்கவேண்டும். சல்லடை அடைத்தால் என்ஜின் சூடேறி நின்றுவிடும் என்பதால் ஓர் ஆள் அங்கேயே இருக்கவேண்டும்.

புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பம்பு இறைத்தே நேரம் வாங்கிய கப்பல் வரலாற்றில் உண்டா?

'எண்டியூரன்ஸ்' உண்டு. 1915-இல் அண்டார்டிகாவின் வெடல் கடலில் பனியில் சிக்கிய, துருவப் பயணி ஷாக்கிள்டனின் கப்பல். அக்டோபரில் பனி நெருக்கிப் பலகைகள் விலகின. ஆட்கள் முறை வைத்துக் கையால் பம்பை அடித்தார்கள். கப்பல் பிழைக்கவில்லை. அக்டோபர் 27-இல் அதைவிட்டு இறங்கினார்கள், நவம்பர் 21-இல் அது மூழ்கியது. ஆனால் இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் படகுகளும் உணவும் பனிக்கட்டிமேல் இறங்கிவிட்டன. அதில் போன 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள்.

கோட்டைப்பட்டினம்: எத்தனை பம்பு வைக்கணும்?

குறைந்தது இரண்டு. ஒன்றுக்குப் பேட்டரி தேவைப்படக் கூடாது.

ஜெகதாப்பட்டினம், இளம் டிரைவர்: எங்க படகுல பம்பு சூப்பரா ஓடுது. வருஷம் ரெண்டாச்சு, உள்ளே தண்ணியே தேங்கினதில்லை. நாங்க கவலைப்படணுமா?

இத்தனை கேள்வியில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது உங்களுடையதுதான், தம்பி.

மரப்படகின் அடியில் தண்ணீர் கசியும். பலகை இடுக்கில் அடித்த பஞ்சு தளரும். ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் சொட்டும். முன்பெல்லாம் ஆட்கள் கையால் இறைத்தார்கள். நேற்று முப்பது வாளி, இன்று ஐம்பது வாளி என்று தோள்வலியே சொல்லிவிடும். தானியங்கிப் பம்பு வந்தபின் அந்தச் செய்தி நின்றுபோனது. கசிவு ஒன்றுக்கு இரண்டாகி, நான்காகி, பத்தாகும். பம்பு அத்தனையையும் பேசாமல் இறைத்துக் கொட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தெரியவரும் நாள், பம்பு தோற்கும் நாள்.

அதனால் ஒரு சின்ன விளக்கு. ஃப்ளோட் சுவிட்சுக்கும் பம்புக்கும் நடுவிலிருந்து ஒரு மெல்லிய வயர் எடுத்து, அதற்கும் ஒரு சின்ன ஃப்யூஸ் போட்டு, டிரைவர் கண்ணில் படும் இடத்தில் சிவப்பு எல்.இ.டி. மாட்டுங்கள். பம்பு ஓடும்போதெல்லாம் எரியும். கூடவே, பம்பின் ஃப்ளோட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் இன்னொரு ஃப்ளோட் வைத்து அதில் ஹார்ன் இணையுங்கள்; பம்பால் சமாளிக்க முடியாத உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் அலறும். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு நாள் ஐஸ் செலவைவிடக் குறைவு. பம்பைவிட இந்த விளக்கைத்தான் நான் முதலில் மாட்டச் சொல்வேன்.

விளக்கு மாட்டியபின் ஒரு வாரம் கவனியுங்கள். நிற்கும்போது எத்தனை மணிக்கு ஒருமுறை எரிகிறது, ஓடும்போது எத்தனை தடவை. ஓடும்போது மட்டும் அடிக்கடி எரிந்தால் ஷாஃப்ட் கிளாண்டைப் பாருங்கள். கிளாண்ட் பேக்கிங் கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. சொட்டே இல்லாமல் இறுக்கினால் சூடேறி ஷாஃப்டில் வரி விழும், பிறகு எந்தப் பேக்கிங்கும் நிற்காது. சொட்டுச் சொட்டாக விழலாம், கோடாக ஒழுகக் கூடாது. என்ஜினை நிறுத்தினால் அதுவும் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். இரண்டு நட்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். பேக்கிங் மாற்றும்போது வளையங்களின் வெட்டு ஒரே நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

நிற்கும்போதும் அடிக்கடி எரிந்தால் பலகை இடுக்கு. அது ஆசாரியின் வேலை, கரையேற்றினால்தான் ஆகும்.

ஆர்.புதுப்பட்டினம்: ஷாஃப்டும் வால்வும் ஒரே வருஷத்துல அரிச்சுத் தின்னுடுச்சு. கடல்தண்ணியே கெட்டுப்போச்சா?

பம்பு வயரைச் சந்தேகப்படுங்கள். பிளஸ் வயரின் ஜாயின்ட் அடித்தண்ணீரில் நனைந்து கிடந்தால், மின்சாரம் அந்தத் தண்ணீர் வழியாகப் பக்கத்தில் உள்ள உலோகத்துக்குப் பாய்ந்து, அங்கிருந்து கடலுக்குப் போகும். போகிற வழியில் வெண்கலமோ எஃகோ கரைந்துகொண்டே இருக்கும். சாதாரண அரிப்புக்கு வருடங்கள் ஆகும். இதற்குச் சில நாள், சில வாரம் போதும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி பிளஸ் கம்பியைக் கழற்றி, நடுவில் ஆம்பியர் மீட்டரை வையுங்கள். எதுவும் ஓடாதபோது மீட்டர் முள் அசைந்தால் திருட்டு நடக்கிறது. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் முள் விழுகிறதோ அந்த வழிதான்.

மணமேல்குடி, பள்ளி ஆசிரியை: துறைப் பக்கம் தண்ணீர்மேல் எண்ணெய் வானவில்லாக மிதக்கிறது. அது இந்தப் பம்புகளிலிருந்துதானே?

பெரும்பகுதி, ஆம். என்ஜினிலிருந்து சொட்டும் எண்ணெய் அடித்தண்ணீரில் சேர்கிறது, பம்பு அதைக் கடலில் கொட்டுகிறது. பெரிய கப்பல்கள் எண்ணெயைப் பிரிக்காமல் கொட்டக்கூடாது; பத்து லட்சத்தில் 15 பங்குக்குமேல் எண்ணெய் இருந்தால் விடக்கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது. நம் படகுகளில் அந்தக் கருவி இல்லை என்பதற்காகக் கடல் வேறாகிவிடாது.

இது எந்தக் கடல் என்றும் பார்க்கவேண்டும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை ஆவுளியா என்னும் கடற்பசுக்களுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம். ஆவுளியா மேயும் கடற்புல்லில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. எண்ணெய் விழுவது நம் வலைக்கு வரவேண்டிய மீனின் மேல்.

செய்ய முடிவது எளிது. என்ஜினுக்குக் கீழே ஒரு தகரத் தட்டு வையுங்கள், சொட்டும் எண்ணெய் அதோடு நிற்கும். பம்பு அடியிலிருந்துதான் உறிஞ்சும், எண்ணெய் மேலே மிதக்கும். எனவே ஃப்ளோட்டைச் சற்று உயர்த்தி வைத்தால் கடைசி நான்கு விரல் தண்ணீரும் அதன் மேலுள்ள எண்ணெயும் படகிலேயே நிற்கும். பழைய வலைத்துண்டில் காட்டன் வேஸ்ட்டைக் கட்டிப் போட்டால் எண்ணெயை ஒற்றி எடுக்கும். சோப்புத்தூள் மட்டும் போடாதீர்கள். எண்ணெய் கரைந்து கண்ணுக்கு மறையும், பம்பு வழியே முழுசாகக் கடலுக்குப் போகும்.

கீரமங்கலம், ஐ.டி.ஐ. மாணவர்: எலக்ட்ரீஷியன் படிக்கிறேன். எங்க ஊரில் கடலே இல்லை. படகு வேலை எனக்குச் சரிப்படுமா?

தாராளமாக. மேலே வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஓம் விதிதான், தம்பி. கடல் உன் ஊரிலிருந்து பக்கம்தான். ஒரு தடைக்காலத்துக்கு ஜெகதாப்பட்டினம் போய் ஒரு நல்ல மெக்கானிக்கோடு நில். மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனம் கொச்சியிலும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கடல் என்ஜின் ஃபிட்டர் பயிற்சி தருகிறது, அதையும் விசாரித்துப் பார். நல்ல வயரிங் ஆள் கிடைக்காமல் தவிக்கும் படகுகள் இந்தக் கரையில் நிறைய.

கோட்டைப்பட்டினம்: புதுப் பம்பு மாட்டியாச்சு. சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

அடியில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஃப்ளோட் தானாகத் தூக்கிப் பம்பை ஓட்டும் வரை காத்திருங்கள். கையால் சுவிட்ச் போட்டுப் பார்ப்பது பாதிச் சோதனைதான். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையில் ஒரு தடவை, பம்புக்குப் பக்கத்து ஜாயின்டில் ஒரு தடவை வோல்ட் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.4-க்கு மேல் போனால் எங்கோ ஒரு ஜாயின்ட் மோசம். பிறகு வெளிவாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நொடியை எண்ணுங்கள். 36 நொடியில் நிறைந்தால் மணிக்கு 2,000 லிட்டர். அந்த எண்ணையும் தேதியையும் என்ஜின் அறைக் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை அதே வாளியைப் பிடியுங்கள். 36 என்பது 45 ஆனால் சல்லடையைக் கழற்றுங்கள், கழற்றியும் 45-ஆகவே நின்றால் வயரை நறுக்கிப் பாருங்கள்.